ஏகமனதாகத் தெரிவான விளக்கு

மாலை நான்கு இருபதுக்கு நான் உள்ளே போனபோது முதலில் கண்ணில் பட்டது துப்பாக்கி. ரோல்ஸ் தட்டுக்கும் தேநீர்க் கோப்பைகளுக்கும் நடுவில், ரயிலில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகை ஒன்றின் மேல் அது கிடந்தது. குழலின் அடியில் ஒரு டோர்ச் லைட் இரண்டு உலோக வளையங்களால் இறுக்கப்பட்டிருந்தது. குழலின் முனை தலைவரின் நாற்காலியை நோக்கியிருந்தது. தலைவர் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுவிட்டு, யாரும் அதைக் கவனிக்கவில்லை என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

2009 மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. லண்டனின் பிளேஸ்டோவில் எங்கள் பங்குக் கோயிலின் பின்னறை. வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த எங்கள் பங்குக் குடும்பங்கள் அங்கே அனுப்புவதற்காக அரிசி, பருப்பு, சவர்க்காரம், பால்மா என்று சேர்த்து, இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில் அடைத்திருந்தன. பெட்டிகள் கோயிலிலிருந்து பத்து நிமிட நடை தூரத்தில், ரயில் பாதையின் கீழ் வாடகைக்கு எடுத்த ஒரு வளைவறையில் இருந்தன. அந்த அறைக்குச் சன்னல் இல்லை. மின்சாரத்தை எங்களுக்கு முன் இருந்தவர் காலத்திலேயே துண்டித்திருந்தார்கள். ஷட்டரை இறக்கினால் நண்பகலிலும் கையைக் கண்முன் பிடித்துப் பார்க்க முடியாது.

அங்கே எலி வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கப்பல் முகவரின் பரிசோதகர் வருவதாக இருந்தது. எலி கடித்த பெட்டி ஒன்றைக் கண்டாலும் மொத்தத்தையும் ஏற்றமாட்டோம் என்று முகவர் எழுதியிருந்தார். உணவுப் பொருள் இருக்கும் இடத்தில் நஞ்சு வைக்கக்கூடாது என்பதும் அதே கடிதத்தில் இருந்தது. பசைப் பலகை வைத்தோம். ஒரு கிழமையில் இரண்டு எலி பட்டது. உபதலைவர் தன் வீட்டுப் பூனையைக் கொண்டுபோய் ஒரு பகல் விட்டுப் பார்த்தார். அது பருப்புப் பெட்டியின் மேல் ஏறி மாலைவரை தூங்கியது.

குழுவில் நான்கு பேர். தலைவர் கடிதங்களைப் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்தவர். உபதலைவர் கார் ஓட்டக் கற்பிப்பவர். செயலாளர் அக்கா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருந்தார். நான் ஊரில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தவன். இங்கே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். அதனால் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது.

செயலாளர் அக்காவின் தங்கை வன்னிக்குள் இருந்தார். கையில் ஏழு மாதப் பெண் குழந்தை. ஜனவரிக்குப் பிறகு தொலைபேசி வரவில்லை. பால்மாத் தகரப் பேணிகளின் பெட்டிகளை யார் அடைப்பது என்று பேச்சு வந்தபோது அவர் யாரையும் கேட்கவில்லை. மூன்று ஞாயிறு தொடர்ந்து நின்று அவரே அடைத்தார். தனிப்பட்ட ஒருவருக்கென்று எந்தப் பொருளும் எந்தப் பெட்டியிலும் வைக்கக்கூடாது என்பது குழுவின் விதி. அதை எழுதியவர் தலைவர்.

துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் குழுவில் இல்லாதவர். ஜெர்மனியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக இல்ஃபோர்டுக்குக் குடிவந்தவர். குழாய் வேலை செய்பவர். எல்லோருக்கும் ஜெர்மன் அண்ணை. அங்கே ஒரு சிறிய ஊரின் சுடும் கழகத்தில் பதினொரு வருடம் உறுப்பினராக இருந்தாராம். அந்தக் கழகத்தில் ஒரே தமிழர் அவர்தான். ஒரு வருடம் ஊர்வலத்தில் கொடியும் பிடித்திருக்கிறார். மேசையில் கிடந்தது காற்றுத் துப்பாக்கி. இந்த நாட்டில் அதற்கு அனுமதிப் பத்திரம் தேவையில்லை என்பதை அவர் வந்தவுடன் மூன்று தரம் சொல்லியிருக்கிறார். நான் போனபின் நான்காவது தரம் சொன்னார்.

முதல் நாள் சனிக்கிழமை அவர் வளைவறைக்குப் போய் இரண்டு எலிகளைச் சுட்டிருந்தார். அதற்கு நான்கு பல்ப் செலவாகியிருந்தது. சுருள்வில்லில் இயங்கும் துப்பாக்கி சுட்டதும் உதறும். அந்த உதறலில் டோர்ச்சின் பல்ப்புக்குள் இருக்கும் மெல்லிய இழை அறுந்துவிடும். இனி பல்ப் இல்லை; இருந்தாலும் இதே கணக்குத்தான். இழையே இல்லாத எல்.ஈ.டி.யை அதே டோர்ச்சுக்குள் போட்டால் அறுவதற்கு ஒன்றுமில்லை என்றார். பெருவிரல் அளவான ஒரு பித்தளைத் துண்டு அது. பழைய பல்ப்பைக் கழற்றிய இடத்தில் அப்படியே உட்காரும். இணையத்தில் பார்த்து மூன்று வகையை அச்செடுத்து வந்திருந்தார். மூன்றும் இந்த நாட்டுக்குள்ளேயே ஒரே கடையில் கிடைக்கும். அன்றே சொன்னால் வியாழக்கிழமை கையில் இருக்கும்.

முதலாவது வெள்ளை வெளிச்சம், ஒரே நிலை. இரண்டாவது சிவப்பு. மூன்றாவது வெள்ளை, ஆனால் ஐந்து நிலை: பொத்தானை லேசாகத் தட்டத் தட்ட, அதிகம், நடுத்தரம், குறைவு, துடித்துத் துடித்து எரிவது, கடைசியில் எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்து அறிவிப்பு என்று மாறும்.

“எனக்கு முதலாவது போதும்,” என்றார் ஜெர்மன் அண்ணை. “எரியவேணும், அணையவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்.”

அத்துடன் விஷயம் முடிந்திருக்கலாம். அச்செடுத்த தாள்கள் மேசையைச் சுற்றி வந்தன. வெளிச்சத்தை அளக்கும் லூமன் என்ற சொல்லை உபதலைவர் அன்று நான்கு நாற்பதுக்கு முதல் முறையாகப் பார்த்தார். ஐந்து மணிக்கு அவர் அதைச் சின்ன வயதிலிருந்து பேசி வருபவர்போல் பேசினார். இருநூறுக்குக் குறைந்த லூமனில் எலி தெரியாது என்றார். தலைவர் அதற்கு நேர் எதிர். வெளிச்சம் கூடினால் பற்றரி நிற்காது, எலியும் நிற்காது. குறைந்த வெளிச்சம்தான் வேண்டும் என்றார்.

எலிக்குச் சிவப்பு நிறம் தெரியாது என்பதால் இரண்டாவது வகையையும் யோசிக்கலாம் என்று ஜெர்மன் அண்ணை தாளைக் காட்டினார். அப்படித்தான் அதில் எழுதியிருந்தது.

உபதலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆர் எலியிட்டைக் கேட்டது?”

ஒருவரும் பதில் சொல்லாததால் சிவப்பு கைவிடப்பட்டது.

இடையில் இன்னொரு சிக்கல் எழுந்தது. கூட்டக் குறிப்பில் துப்பாக்கி என்று எழுதுவதா? இலங்கைக்குச் சாமான் அனுப்பும் தமிழர் குழுவின் குறிப்பேட்டில், இந்த வருடத்தில், அந்தச் சொல் இருக்கலாமா என்று தலைவர் கேட்டார். உள்ளதை உள்ளபடி எழுதுவதே நல்லது, அது காற்றுத் துப்பாக்கி என்று தெளிவாக எழுதலாம் என்றேன். இருபது நிமிட விவாதத்துக்குப் பிறகு ‘கருவி’ என்று எழுதச் சொன்னார்கள். ‘கருவியின் விளக்கு மாற்றம்’ என்பது அன்றைய குறிப்பில் ஐந்தாவது விடயம். இப்போது படித்தால் துப்பாக்கி என்ற சொல்லைவிட இது பயமாக இருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் பங்கின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நாங்கள் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. முன்பு இரண்டு சங்கங்கள் வாக்கெடுப்பால் இரண்டிரண்டாகப் பிரிந்து, நான்கும் ஒரே கோயிலில் நான்கு வரிசைகளில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் எந்தத் தீர்மானமும் ஏகமனதாக இருக்கவேண்டும். ஏகமனதாகும்வரை கூட்டம் முடியாது. ஒருமுறை பெட்டியில் ஒட்டும் நாடாவின் அகலத்துக்காக மூன்று மணிநேரம் இருந்திருக்கிறோம்.

செயலாளர் அக்கா அதுவரை தாள்களைப் பார்க்கவில்லை. தேநீர்க் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வியாழனுக்கு வாறது எது?” என்றார்.

“மூண்டும் வரும், அக்கா.”

“அப்ப என்னத்துக்குக் கதைச்சுக்கொண்டு இருக்கிறியள்? ஏதாவது ஒண்டை எடுங்கோ. பால்மா போகவேணும்.”

உபதலைவர் மூன்றாவது தாளைத் திரும்ப எடுத்தார். இதில் அதிகமும் இருக்கிறது, குறைவும் இருக்கிறது. அவருக்கும் சரி, தலைவருக்கும் சரி. நடுத்தரத்தைச் செயலாளருக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டும் யாருக்கு என்று நான் கேட்டேன். பிறகு தேவைப்படும் என்றார் தலைவர். ஜெர்மன் அண்ணை எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் குழு உறுப்பினர் அல்ல என்பதைத் தலைவர் மரியாதையாக நினைவுபடுத்தினார். ஐந்து நாற்பத்தைந்துக்கு நான் எழுதினேன்: கருவிக்கு ஐந்து நிலை விளக்கு பொருத்துவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

பொதி சொன்னபடி வியாழக்கிழமை வந்தது. இல்ஃபோர்டில் அவர் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பொருத்தினார். நான் கூட இருந்தேன். பித்தளைத் துண்டு சொன்னபடியே உட்கார்ந்தது. பொத்தானைத் தட்டினார். ஐந்து நிலையும் வரிசையாக வந்தன; குளிர்ப்பெட்டியின் கதவு ஐந்து விதமாகத் தெரிந்தது. சுட்டுப் பார்க்க அங்கே வழியில்லை. கையால் இரண்டு தரம் உலுக்கினார், மாறவில்லை. அவருடைய மனைவி, இரவுச் சாப்பாட்டுக்கு முதல் அந்தச் சாமான் மேசையை விட்டுப் போகவேண்டும் என்றார். அவர் பேசியது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வளைவறைக்குப் போனோம். தலைவர், குழுவின் சார்பில் கண்காணிப்பாளர்கள் இருக்கவேண்டும் என்று சொல்லித் தானும் வந்தார், என்னையும் செயலாளர் அக்காவையும் அழைத்தார். உபதலைவருக்கு அன்று ஒரு மாணவியின் ஓட்டுநர் சோதனை. சுடுவது தரையை நோக்கி மட்டுமே, பெட்டிப் பக்கம் இல்லை என்று வாசலில் வைத்து மறுபடி பேசிக்கொண்டோம். பிறகு ஷட்டரை ஒரு சாண் இடைவெளி விட்டு இறக்கினோம். மூன்று பேரும் அரிசி மூட்டைகளின் மேல் வரிசையாக உட்கார்ந்தோம். ஜெர்மன் அண்ணை ஒரு பலகைமேல் முழங்காலிட்டு, அதிக வெளிச்சத்தைப் போட்டார்.

உபதலைவர் சொன்னது சரி. நன்றாகத் தெரிந்தது. சுவரோரம் எலிக்காகக் கொட்டிவைத்திருந்த கடலை மாவை நோக்கி ஒரு எலி வந்தது. அண்ணை சுட்டார், எலி விழுந்தது. அதே கணத்தில் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது.

பற்றரி போய்விட்டதா என்று தலைவர் கிசுகிசுத்தார். அண்ணை அடுத்த எலிக்குக் காத்திருந்தார். இரண்டாவது குண்டு. இதுவும் பட்டது. வெளிச்சம் இன்னும் குறைந்து, தலைவர் விரும்பிய அளவுக்கு வந்து நின்றது. அண்ணை துப்பாக்கியைத் திருப்பி டோர்ச்சைப் பார்த்தார். துப்பாக்கி உதறும்போது பற்றரியின் தொடுகை ஒரு கணம் விட்டுப் போகிறது. உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லு அதைப் பொத்தானைத் தட்டியதாக எடுத்துக்கொள்கிறது. இதை அவர் மறுநாள்தான் எங்களுக்கு விளக்கினார். அப்போது பெருமூச்சு மட்டும் விட்டார்.

மூன்றாவது குண்டு படவில்லை. விளக்கு துடிக்கத் தொடங்கியது. அறை முழுவதும் ஒரு நொடிக்குப் பல தரம் தோன்றி மறைந்தது. எலி ஓடியது தெரியவில்லை. ஓர் இடத்தில் இருந்தது, அடுத்து இன்னோர் இடத்தில் இருந்தது. தலைவர் இரண்டு கைகளாலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“இதென்ன, திருநாளோ?”

அண்ணை திரும்பவில்லை. “ஏகமனதா எடுத்த முடிவு, அண்ணை.”

செயலாளர் அக்கா சிரித்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவை.

நான்காவது குண்டு அந்தத் துடிப்பின் நடுவில் போனது. எதில் பட்டது என்று தெரியவில்லை. தரையில்தான் பட்டது என்று அண்ணை சொன்னார். இப்போது விளக்கு ஐந்தாவது நிலைக்கு வந்திருந்தது: மூன்று சிறிய மினுக்கு, மூன்று நீண்டது, மறுபடி மூன்று சிறியது. தலைவர் எழுந்து நின்று, “நிப்பாட்டுங்கோ,” என்று உரத்துச் சொன்னார்.

ஜெர்மன் அண்ணை பதினொரு வருடப் பழக்கத்தின்படி நடந்தார். கழகத்தில் பொறுப்பாளர் நிறுத்தச் சொன்னால், ஆயுதத்தைத் தரையில் வைத்து, ஓரடி பின்னால் போய், கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். மறுபடி அனுமதி வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. அவர் அப்படியே செய்தார். துப்பாக்கி ஷட்டரின் பக்கம் முகம் காட்டித் தரையில் கிடந்து மினுக்கியது. விளக்கை அணையுங்கள் என்றார் தலைவர். அனுமதி தரவேண்டும் என்றார் அண்ணை. தந்துவிட்டேன் என்றார் தலைவர். அப்படித் தரக்கூடாது, முதலில் எல்லோரும் பின்னால் நிற்கிறார்களா என்று பார்த்து, அதற்குரிய வார்த்தையைச் சொல்லவேண்டும் என்றார் அண்ணை. வார்த்தை என்ன என்று கேட்டார் தலைவர். அது ஜெர்மன் மொழியில் இருந்தது.

தலைவர் அதை இரண்டாவது தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஷட்டரில் யாரோ ஓங்கி அடித்தார்கள்.

பக்கத்து வளைவில் மோட்டார் சைக்கிள் திருத்தும் வயதான வெள்ளைக்காரர். இளம் வயதில் சரக்குக் கப்பலில் வேலை செய்தவராம். ஷட்டரின் கீழே ஐந்து நிமிடமாக ஆபத்து அறிவிப்பு வருகிறது, உள்ளே யாருக்கு என்ன என்று கேட்டார். தலைவர் ஷட்டரைத் தூக்கி, ஆபத்து ஒன்றும் இல்லை, குழு கூடியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதர் தரையில் கிடந்த துப்பாக்கியையும், மூட்டையில் உட்கார்ந்திருந்த பெண்மணியையும், கையைப் பின்னால் கட்டி நின்றவரையும், செத்த இரண்டு எலிகளையும் பார்த்தார். பிறகு சீழ்க்கை அடித்தார். அவருடைய கடையிலிருந்து சின்ன நாய் ஒன்று வந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை, ஒரு காதில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

நாய் முப்பத்தைந்து நிமிடத்தில் பதினொரு எலிகளைப் பிடித்தது. அதற்கு வெளிச்சம் தேவைப்படவில்லை.

எலி கடித்திருந்த ஒன்பது பெட்டிகளைப் புதிய அட்டைகளுக்கு மாற்றி, தரையைக் கழுவி, துவாரங்களைச் சீமெந்து வைத்து அடைத்துவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனோம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பரிசோதகர் வந்தார். கையில் ஒரு டோர்ச் வைத்திருந்தார். அது எரிந்தது, அணைந்தது. ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றிப் பார்த்தார். ஒன்றரை மணிநேரம். செயலாளர் அக்கா அவருக்கு இரண்டடி பின்னால், அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் நடந்தபோது நடந்தார். பின்வரிசையில் நாற்பத்தொன்றாம் இலக்கப் பால்மாப் பெட்டியின் முன் பரிசோதகர் குனிந்தார். பக்கவாட்டில் ஒரு துளை. வட்டமாக, சுத்தமாக இருந்தது. பேனாவின் முனையை விட்டுப் பார்த்தார். இது என்ன பிராணி என்று கேட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

“அது எலி இல்லை,” என்றார் ஜெர்மன் அண்ணை ஆங்கிலத்தில். “அது நான்.”

பரிசோதகரின் படிவத்தில் எலி, பூச்சி, ஈரம், பூஞ்சணம் என்று கட்டங்கள் இருந்தன. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு ‘ஏனையவை’ என்ற கட்டத்தில் ‘துளை, ஒன்று’ என்று எழுதினார். எலி என்ற கட்டத்தில் இல்லை என்று கோடிட்டார். மொத்தமும் போகலாம், இந்த ஒரு பெட்டி மட்டும் போகாது என்றார். பால்மாவுக்குள் ஈயம் இருக்கும். குண்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

மேலிருந்து இரண்டாவது அடுக்கில் ஒரு பேணியின் நடுவில் குண்டு நின்றிருந்தது. பேணிகளை எடுத்து வெளியே வைத்தோம். அடியில், பேணிகளுக்கும் அட்டைக்கும் நடுவே, ஒரு மஞ்சள் குழந்தைச் சட்டை மடித்து வைத்திருந்தது. அதன்மேல் குண்டூசியால் குத்திய ஒரு தாளில் தங்கையின் பெயர், கணவரின் பெயர், கடைசியாகத் தெரிந்த கிராமம், குழந்தையின் பெயர்.

செயலாளர் அக்கா தரையைப் பார்த்தபடி நின்றார். தலைவர் தாளை எடுத்து முழுவதும் வாசித்தார். திரும்பவும் சட்டையின்மேல் வைத்தார்.

“தம்பி, இது குறிப்பிலை வேண்டாம்,” என்றார்.

பேணியை மட்டும் எடுத்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப ஒட்டலாமா என்று ஜெர்மன் அண்ணை பரிசோதகரிடம் கேட்டார். பிறகு இன்னொரு முறையும் கேட்டார். இலக்கமிட்ட பெட்டியை அவர் எதிரில் திறந்தபின் அது முடியாது என்று பதில் வந்தது. அண்ணை தன் வான் வண்டியில் பெட்டியை ஏற்றி அக்காவின் வீட்டில் இறக்கித் தருவதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார். பேணிகளை அங்கேயே விட்டுவிட்டு, சட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில், மோட்டார் சைக்கிள் கடைக்காரரின் நாய்க்கு நன்றி தெரிவிப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். நாய்க்கா, உரிமையாளருக்கா என்பதில் அரை மணிநேரம் போயிற்று.

இருநூற்றுப் பதினொரு பெட்டிகளும் திங்கட்கிழமை புறப்பட்டன. அக்டோபரில் கப்பல் முகவரின் கடிதம் வந்தது: கொள்கலன் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கிறது, வெளியே எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. தங்கையும் குழந்தையும் ஒரு முகாமில் இருப்பது அதற்கு முன்பே ஜூனில் தெரிந்துவிட்டது. மன்னாரில் இருக்கும் ஒரு கன்னியாஸ்திரி மூலம் அக்கா அந்த மஞ்சள் சட்டையை அனுப்பினார். நவம்பரில் அது போய்ச் சேர்ந்தது.

சட்டை பிள்ளைக்கு அளவு போதவில்லை.